குன்னூர் கேமரா வாடகைக் கடை: ஐந்து மாணவர் குறும்படங்களுக்குப் பின் எழுதும் மதிப்புரை

எங்கள் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள், ஒவ்வொரு ஜனவரியிலும் ஐந்து நிமிடத்துக்கு மிகாத த்ரில்லர் குறும்படம் ஒன்றைக் குழுவாக எடுக்க வேண்டும். எடுத்த படத்தைத் தாங்களே மதிப்பிட்டு ஓர் அறிக்கையும் எழுதித் தர வேண்டும். படத்துக்கு 25 மதிப்பெண், அறிக்கைக்கு 15. திகில் படம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் ஐந்தில் நான்கு குழுக்கள் பேயைக் கொண்டுவந்துவிடுகின்றன என்பதால், த்ரில்லர் என்றே எழுதப் பழகிவிட்டேன். துறையில் இருப்பவை இரண்டே கேமராக்கள். அவற்றுள் ஒன்றுக்கு மைக் செருகும் துளை பழுது. ஆகவே இந்த ஆண்டு, குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்தில் மாடியில் இயங்கும் ஒரு வாடகைக் கடையை முழுமையாக நம்பி இறங்கினோம். மூன்று வாரங்களில் பதினொரு முறை அங்கிருந்து கருவிகள் எடுத்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார்; நிறையோடு குறையையும் எழுதப் போகிறேன் என்பதால் எனக்கும் அதுவே வசதியாகப் போயிற்று.

கோவைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையில் கடைகள் அதிகம், கருவிகளும் புதியவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து வாடகை ஓடத் தொடங்கிவிடுகிறது; மேட்டுப்பாளையத்திலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெட்டி மலையேறி வந்து சேர்வதற்குள் முதல் நாள் வாடகையில் ஒரு பங்கு கரைந்துவிடும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால், கருவியைத் தன் வண்டியில் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லும் கோவைக் கடைக்காரரும் இரண்டு முறை யோசிக்கிறார். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிப் படப்பிடிப்பில் ஒரு கம்பி அறுந்தால் ஒரு பேருந்து பிடித்துப் போய் மாற்றிக்கொண்டு வரக்கூடிய தொலைவில் கடை இருப்பது, மாணவர் படத்துக்கு மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரியது.

கடைக்குக் கீழே வர்க்கி விற்கும் பேக்கரி. குறுகலான மரப்படி ஏறினால் ஒரு முன்னறை, ஒரு பின்னறை, அவ்வளவுதான். முன்னறையின் கண்ணாடி அலமாரியில் பிரிக்கப்படாத ‘இந்து’ பிலிம் டப்பாக்கள் நான்கு இருக்கின்றன. உதகை இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் உரிமையாளரின் தந்தை வேலை பார்த்தவர். ஆலை நலிந்து மூடப்பட்ட பிறகு வீட்டில் மிஞ்சியவை அந்த டப்பாக்கள். இதை வெறும் ஊர்ப் பெருமைக்காக இங்கே குறிப்பிடவில்லை. 1,000 அடி கொண்ட 35 மி.மீ. சுருள் ஒன்று வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஏறத்தாழ பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தச் சிக்கனம் கடையின் நடைமுறை முழுவதிலும் இருக்கிறது. மெமரி கார்டில் மணிக்கணக்காகப் பதிவு செய்யலாம் என்ற நினைப்பில் வளர்ந்த என் மாணவர்களுக்கு அது முதலில் எரிச்சலாகவே இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம், எந்தெந்தக் காட்சித் துண்டை எப்படி எடுப்பது என்று எழுதிய ஷாட் பட்டியல் இல்லாமல் வரும் மாணவர்களுக்கு அவர் கருவி தருவதில்லை என்பது. முதல் நாள் சென்ற குழு, இணையத்தில் பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தது: நடந்துகொண்டே எடுத்தாலும் கேமரா குலுங்காமல் தாங்கும் கிம்பல், ட்ரோன், மூன்று லென்ஸ், புகை எந்திரம். அவர் தாளைப் படித்துவிட்டுக் குழுவின் இயக்குநரான மாணவியிடம், “கண்ணு, இந்தக் கதையில யாராச்சும் ஓடறாங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்ணா, அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ளயேதான் இருக்கா.”

“அப்புறம் கிம்பல் எதுக்கு? ட்ரைபாடு எடுத்துட்டுப் போ. அவ நகராம இருந்தாத்தான் பாக்கறவங்களுக்குத் திக்குன்னு இருக்கும்.”

கிம்பலுக்கு நாள் வாடகை 700 ரூபாய், ட்ரைபாடுக்கு 200. தனக்குக் கூடுதலாக வர வேண்டிய 500 ரூபாயைத் தானே வேண்டாமென்று விட்டுவிட்ட ஒரு வாடகைக் கடைக்காரரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. புகை எந்திரத்தை அவர் பட்டியலிலிருந்து அடித்ததற்குக் காரணம் சொல்லத் தேவையே இல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் லேம்ஸ் ராக் சாலையில் போய் நின்றால் புகை தானாக வரும். ட்ரோன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு விளக்கினார். வெலிங்டனில் ராணுவப் பகுதி, அருவங்காட்டில் வெடிமருந்து ஆலை, மீதி இடங்களில் பெரும்பகுதி வனத்துறை நிலம் என்று இருக்கும் இந்த மலையில், எங்கே பறக்கவிடலாம் என்பதைவிட எங்கே கூடாது என்பதே நீளமான பட்டியல். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. வரைபடத்தைத் திறந்து மண்டலங்களைக் காட்டியவர், சொந்தமாக ட்ரோன் வைத்திருந்தும் மாணவர்களுக்கு அதை வாடகைக்குக் கொடுப்பதில்லை என்று முடித்துவிட்டார். இன்னொரு குழு மலை ரயிலில் ஒரு துரத்தல் காட்சி வைத்திருந்தது. ரயில்வேயின் முறையான அனுமதி இல்லாமல் நடைமேடையில் ட்ரைபாடை விரிக்க முடியாது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டு, ரயிலின் ஓசையை மட்டும் தொலைவிலிருந்து பதிவு செய்து, ரயில் திரையில் வராமலேயே கதையை மாற்றி எழுதிக்கொண்டு வந்தது. மாற்றி எழுதிய கதை முன்னதைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவிகளின் தரத்துக்கு வருகிறேன். ஒரு சோனி ஏ6400 உடலும் அதனுடன் வரும் சிறிய ஜூம் லென்ஸும் சேர்த்து நாளுக்கு 1,100 ரூபாய், 50 மி.மீ. லென்ஸ் தனியாக 250. கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, மைக்கை நடிகர் அருகே நீட்டிப் பிடிக்கும் பூம் கழி, காற்றிரைச்சலைத் தடுக்க மைக்கின்மேல் மாட்டும் மயிர்ப்போர்வை மூன்றும் சேர்த்து 450. எல்இடி விளக்குப் பலகை ஒன்றுக்கு 250. அடையாள அட்டை காட்டினால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. முன்வைப்புத் தொகை 5,000 ரூபாயும் கல்லூரிக் கடிதமும் வேண்டும். கடையின் கேமராக்கள் இரண்டும் பழையவை என்றாலும் லென்ஸில் பூஞ்சை இல்லை. ஈரம் மிகுந்த இந்த ஊரில் அதுவே ஒரு சான்றிதழ். கருவிகளை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பையிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத் தருகிறார். ட்ரைபாடின் தலை மட்டும் பக்கவாட்டில் திருப்பும்போது தொடக்கத்தில் ஒரு சிறு குலுக்கல் கொடுக்கிறது. மெதுவாகத் திருப்பும் ஷாட்டை நம்பிப் படம் எடுப்பவர்கள் அதைக் கடையிலேயே சோதித்துவிட்டு எடுத்துப் போவது நல்லது.

பனியும் மங்கிய வெளிச்சமும் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதால் இந்த மலையில் த்ரில்லர் எடுப்பது எளிது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் பனி, கேமராவின் தானியங்கி ஃபோகஸைக் குழப்பிவிடுகிறது. லென்ஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். கடையில் பை கொடுக்கும்போதே மாணவர் கையால் ஃபோகஸ் வைத்துப் பழகும்வரை அவர் விடவில்லை. குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸின்மேல் நீர்த்துளி படியும் என்பதையும், பையை மூடியபடியே அரைமணி நேரம் உள்ளே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 சட்டகமும் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் வேகமும் வைக்க வேண்டும் என்ற குறிப்பும் அதே சீட்டில் இருக்கிறது. அதைப் படிக்காமல் 30 சட்டகத்தில் எடுத்த ஒரு குழுவின் சமையலறைக் காட்சியில் ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிவதுபோல் தெரிந்தது. பதற்றத்துக்காக வேண்டுமென்றே செய்தோம் என்று அவர்கள் முதலில் சாதித்ததையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இரவுக் காட்சிகள்தான் எனக்கு உண்மையான கவலை. ஜனவரியில் ஆறே கால் மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடுகிறது; அதற்கு மேல் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் காட்டுமாடும் கரடியும் நடமாடும்போது பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை விளக்கோடு அங்கே நிறுத்த எந்த ஆசிரியராலும் முடியாது. பகலை இரவாகக் காட்டும் பழைய உத்தியைக் கற்பிக்க நான் ஒரு வகுப்பு ஒதுக்கியிருந்தேன். ஆனால் கடையின் பால்கனியில் நின்று அவர் கால்மணி நேரத்தில் காட்டிக்கொடுத்தது என் வகுப்பைவிடத் தெளிவாக இருந்தது. எந்த ஒளியை வெள்ளையாகக் காட்டுவது என்று கேமராவுக்குச் சொல்லும் வெள்ளைச் சமநிலையை 3,200 கெல்வினில் வைத்தால் பகல் வெளிச்சம் நீலமாக மாறும். வெளிச்ச அளவை இரண்டு படி குறைத்து, வானம் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் மாலை மூன்று மணிப் பனி இரவாகிவிடும். அந்த அமைப்பில் சாதாரணக் குண்டு பல்பின் மஞ்சள் ஒளி வெள்ளையாகத் தெரியும் என்பதால், சன்னலுக்குள் ஆள் இருப்பதுபோல் காட்ட எல்இடி பலகையின்மேல் அடர் ஆரஞ்சுத் தாளைச் சுற்றி உள்ளே வைக்கச் சொன்னார். தாளுக்குத் தனியாக வாடகை கேட்கவில்லை. பனியால் நிழல் விழாததும் இதற்கு உதவியது; சமவெளி வெயிலில் இதே உத்தி, தரையில் விழும் கூர்மையான நிழலால் குட்டு உடைந்துபோகும்.

இவையெல்லாம் நல்ல கடை ஒவ்வொன்றிலும் ஓரளவு கிடைக்கலாம். நான் இந்தக் கடையைத் தனியாக எடுத்துச் சொல்ல வந்ததற்குக் காரணம் ஒலி. ஐந்து குழுக்களில் ஒன்றின் பட்டியலில்கூட மைக் இல்லை. கேமராவிலேயே மைக் இருக்கிறதே என்றும், பின்னணி இசையை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் நினைத்திருந்தார்கள். இந்தப் பழக்கம் பெரியவர்களின் படங்களிலிருந்தே அவர்களுக்கு வந்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டிலேயே பாடல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு கொலைத் துப்பறியும் படத்தை வீணை எஸ். பாலசந்தர் தமிழில் இயக்கிவிட்டார் என்று நான் வகுப்பில் சொன்னபோது அதை வரலாற்றுத் தகவலாகக் குறித்துக்கொண்டார்களே தவிர, தங்கள் படத்தோடு பொருத்திப் பார்க்கவில்லை.

கடைக்காரர் பொருத்திக் காட்டினார். செல்போனில் எடுத்திருந்த ஒத்திகைக் காட்சியைப் பின்னறையில் இருக்கும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளில் இணைத்து, எல்லோரையும் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். இருட்டு வீட்டில் தனியாக நிற்கும் பெண்ணின் பயத்தைக் காட்ட வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் கேட்டவை இவை: மின்விசிறியின் இரைச்சல், படம் எடுத்த மாணவனின் செருப்பு, தெருவில் ஒரு பைக், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. யாரும் எதுவும் பேசவில்லை. அதன் பிறகு அவர் கிம்பல் அடித்த இடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை எழுதியபோது ஒருவரும் மறுக்கவில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் பதிவு செய்வது, குரலின் உச்சம் கழித்தல் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி அளவு வைப்பது, ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 வினாடி அந்த இடத்தின் வெறும் ஓசையைப் பிடித்துக்கொண்டு வருவது ஆகிய மூன்றையும் அவர்கள் கையாலேயே செய்யவைத்து அனுப்பினார்.

அந்த மாணவியின் குழு எடுத்த கதை இது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். ஆறு மாதத்துக்கு முன் இறந்துபோன பால்காரரின் தூக்குவாளி, ஒவ்வொரு மாலையும் பால் நிரம்பி வாசற்படியில் இருக்கிறது. யார் வைக்கிறார்கள் என்று அவள் காத்திருக்கும் ஐந்தாம் நாள், தாழிட்ட வீட்டுக்குள்ளேயே தூக்குவாளி இருக்கிறது. முடிவைச் சொல்ல மாட்டேன்; கல்லூரி ஆண்டு விழாவில் திரையிட இருக்கிறோம். வாளியின் கம்பிப் பிடி விளிம்பில் விழும் ஓசையைப் படப்பிடிப்பின்போது எடுத்தது சரியாக வரவில்லை. விடுதி அறையில் நான்கு பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டு, எதிரொலியைக் கொன்று, ஒரு சாண் தொலைவில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து முப்பதுக்கும் மேற்பட்ட முறை அந்தப் பிடியை விழவிட்டுப் பதிவு செய்தார்கள். காலி வாளியின் ஓசையும் பால் நிறைந்த வாளியின் ஓசையும் வேறு என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். கதையின் திருப்பமே பிறகு அந்த வேறுபாட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. 450 ரூபாய் வாடகைக்கு எங்களுக்குக் கிடைத்தவற்றுள் இதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியவில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. உரிமையாளர் இல்லாத ஒரு நாளில் உதவியாளர் எடுத்துக் கொடுத்த சட்டையில் மாட்டும் கம்பியில்லா லேப்பல் மைக், கரகரவென்ற ஓசையுடன் பதிவாகியிருந்தது. கோத்தகிரிக்கு அருகே ஒரு மாணவரின் வீட்டில் படம் பிடித்துக்கொண்டிருந்த குழு, மாலையில் காதில் மாட்டிக் கேட்கும்வரை அதை அறியவில்லை. இடையிடையே கேட்டுப் பார்க்காதது எங்கள் தவறுதான். ஆனால் கொடுக்கும் முன் வாடிக்கையாளர் எதிரில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்கவைப்பது கடையின் கடமை. மைக் வாடகை 300 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். வீணான நாளின் கேமரா வாடகையைத் தரவில்லை. அன்று நடித்த மாணவரின் தாயார் மறுநாள் தேயிலை பறிக்கும் வேலைக்குப் போய்விட்டதால் அந்தக் காட்சியை மீண்டும் எடுக்கவே முடியவில்லை. பின்னர் குரலை மட்டும் தனியாகப் பதிவு செய்து ஒட்டினோம், ஒட்டியது தெரிகிறது.

இரண்டாவது குறை தாமதக் கட்டணம். மாலை ஏழு மணிக்குள் திருப்பித் தராவிட்டால் அரைநாள் வாடகை என்பது வாய்வழி விதி. எங்கும் எழுதி ஒட்டவில்லை, ரசீதிலும் இல்லை. பேருந்து தாமதத்தால் ஐம்பது நிமிடம் பிந்திய ஒரு குழுவிடம் 800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். லென்ஸின் ஈரத்தைப் பற்றிச் சீட்டு எழுதி ஒட்டத் தெரிந்தவருக்கு இதை எழுதி ஒட்டத் தெரியாதா என்று கேட்டேன். சிரித்தார், பணம் திரும்பவில்லை. மூன்றாவதாக, பேட்டரிகள். மூன்று தருகிறார்கள், அவற்றுள் ஒன்று எப்போதும் கிழவர். தலைக்குந்தாவில் உறைபனி படிந்த காலையில் எடுக்கச் சென்ற குழுவுக்கு, நாற்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த பேட்டரி அடுத்த ஷாட்டில் அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி தளர்வது இயல்புதான், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு பயன்படுத்தலாம். ஆனாலும் வாங்கும்போது வயதைக் கேட்டு வாங்குங்கள். எல்இடி பலகைகள் இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தின் தயாரிப்புகள், ஒன்றில் பச்சை சாயல் அடிக்கிறது. ஒரே காட்சியில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத கையெழுத்து ரசீதைக் கல்லூரிக் கணக்குப் பிரிவு ஏற்க மறுத்துவிட்டதால், செலவில் ஒரு பகுதி இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் அங்கே போகச் சொல்வேனா என்றால், மாணவர்களை அனுப்புவேன். காரணம் கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது நடக்கும் ஒரு சடங்கு. பையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணி வைத்துவிட்டு, “இதுல எதைப் பையை விட்டு வெளியவே எடுக்கலை?” என்று அவர் கேட்பார். சொல்வதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். அடுத்த முறை அதை நாம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். தன் கையிருப்பில் எதற்குத் தேவை குறைவு என்று அறியவே இந்தக் கணக்கை வைத்திருப்பதாகச் சொன்னார். மதிப்பீட்டு அறிக்கைக்கு இதைவிட நல்ல கேள்வியை நான் பத்து ஆண்டு ஆசிரியப் பணியில் கேட்டதில்லை.

சென்ற ஆண்டுவரை அந்த அறிக்கைகளைப் படிப்பது ஒரு தண்டனை. எங்கள் படம் பார்வையாளர்களைப் பதறவைத்தது, ஒளியமைப்பு பதற்றத்தைக் கூட்டியது, குழுவாகப் பணியாற்றக் கற்றுக்கொண்டோம் என்று எல்லா அறிக்கைகளும் ஒரே குரலில் தங்களைப் பாராட்டிக்கொள்ளும். த்ரில்லரின் இலக்கணம் என்று பாடத்தில் இருப்பதை, இருட்டு, தனிமை, நெருக்கமான முகம், தெரியாத எதிரி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘செய்தோம்’ என்று போட்டுவிடுவார்கள். இந்த ஆண்டு ரசீதுகளின் பின்பக்கத்தைப் படி எடுத்து அறிக்கையோடு இணைக்கச் சொன்னேன். மூன்று நாள் வாடகை கட்டியும் நீள லென்ஸைத் தொடவே இல்லை என்று கண்ட குழு, துரத்தல் காட்சி என்று எழுதிவிட்டுக் காத்திருக்கும் காட்சிகளை மட்டுமே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று எழுதியது. தங்கள் கதை எந்த இடத்தில் மாறிப்போனது என்பதை அவர்கள் கண்டுபிடித்தது லென்ஸ் கணக்கிலிருந்துதான். இன்னொரு குழு, விளக்கு எடுத்தும் பயன்படுத்தாததற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு, அந்த வரிக்காகவே என்னிடம் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது.

பின்னறையை மணிக்கு 150 ரூபாய்க்குத் திரையிடவும் தருகிறார். பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். தூக்குவாளிக் குழு தன் படத்தை இரண்டு வடிவங்களாகத் தொகுத்து, ஒன்றில் காப்புரிமைச் சிக்கல் இல்லாத பின்னணி இசையைச் சேர்த்து, மற்றதில் இசையே இல்லாமல், முதலாம் ஆண்டு மாணவர்கள் இருபத்து நான்கு பேருக்குப் பாதிப்பாதியாகக் காட்டியது. படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தமக்குப் பயம் தொடங்கிய இடத்தை ஒரு தாளில் எழுத வேண்டும். இசையோடு பார்த்தவர்களில் எட்டுப் பேர் சன்னலில் முகம் தெரியும் இடத்தை எழுதினார்கள். இசை அங்கேதான் உரக்க எழுகிறது. இசையில்லாமல் பார்த்தவர்களில் ஒன்பது பேர், அதற்கு ஒன்றரை நிமிடம் முன்பே, வாளியின் பிடி விழும் ஓசையை எழுதினார்கள். எங்கே பயப்பட வேண்டும் என்று இசை சொல்லும்வரை முதல் பன்னிரண்டு பேர் காத்திருந்திருக்கிறார்கள் என்று அந்த மாணவி தன் அறிக்கையில் எழுதியிருந்தாள். இருபத்து நான்கு பேரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பதையும் அவளே அடுத்த வரியில் எழுதியிருந்தாள். பதினைந்துக்குப் பதினான்கு போட்டேன். எழுத்துப்பிழைக்காக ஒன்று குறைந்தது. அந்தப் பின்னறை ஒலிபெருக்கிகள் இல்லாமல் வகுப்பறைப் புரொஜக்டரின் தகரக் குரலில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் வாளியின் ஓசை யாருக்கும் கேட்டிருக்காது.

திருமணப் படம் எடுப்பவர்களுக்கும், விளம்பரப் பணிக்குப் புதிய கருவி தேடுபவர்களுக்கும் இந்தக் கடை போதாது. அவர்கள் கோவைக்கே போகலாம். செல்போனில் எடுக்கப் போகும் மாணவர்கள்கூட இங்கே வந்து ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் வாங்கிப் போகலாம். அதற்கும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார். காலை ஒன்பதரை முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. பொங்கல் கழிந்து தை முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் கேமரா இரண்டும் கல்யாண வீடுகளுக்குப் போய்விடும் என்பதால், நாள்காட்டியைப் பார்த்து முகூர்த்தம் இல்லாத நாள்களாகக் குறித்துக்கொண்டு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சென்ற வாரம் தாமதக் கட்டணத்தைப் பற்றி மறுபடியும் ஒரு முறை சண்டை போட்டுவிட்டு, அடுத்த ஜனவரிக்கு ஒலிப்பதிவுக் கருவிகள் மூன்றையும் எழுதிவைத்துவிட்டு வந்தேன். கேமராவுக்கு முன்பணம் கொடுக்கவில்லை.